கொட்டிய சீம்பால்

பிரசவ வார்டில் நான் போடும் சத்தம் பஸ் நிறுத்தம் வரை கேட்கும் என்று என்னுடன் வேலை செய்பவர்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரகடம் பக்கத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியராக இருக்கிறேன். எங்களிடம் பிரசவத்துக்கு வருகிறவர்களில் பலர் தெற்கிலிருந்து இங்கே கம்பெனி வேலைக்கு வந்து, கல்யாணமாகி, ஒற்றை அறை வீட்டில் குடித்தனம் நடத்தும் பெண்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போக முடியாதவர்கள் அம்மாவையோ மாமியாரையோ இங்கே வரவழைத்துக்கொள்வார்கள். வருகிற அம்மாக்கள் முந்தானையில் எதையாவது முடிந்துகொண்டு வருவார்கள். அதைக் கண்டுபிடித்துப் பிடுங்குவதுதான் என் வேலையில் பாதி.

நான் சொல்லப்போகும் நாளன்று காலையிலும் அப்படித்தான் நடந்தது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, பேரன் பிறந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, சின்னத் தேன் குப்பியோடு தொட்டில் பக்கம் நின்றுகொண்டிருந்தார்.

"சிஸ்டர், லேசா சேனைத் தேன் மட்டும் பிள்ளை நாக்குல தொட்டு வச்சுக்கிடுதேன். எங்க பெரிய அத்தான் கையால. அவுக ரொம்ப அமைதியானவுக. பிள்ளைக்கும் அந்தக் குணம் வரட்டும்னுதான்."

"குணம் அப்புறம் வரட்டும்மா. மொதல்ல புள்ள உசுரோட இருக்கட்டும்," என்றேன். குப்பி என் சட்டைப் பைக்குள் போய்விட்டது. பெரிய அத்தான் உண்மையிலேயே அமைதியானவர்தான். வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

குழந்தையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டு வழக்கமான பாடத்தைச் சொன்னேன். மஞ்சளாக இருக்கிறதே, பிசுபிசுப்பாக இருக்கிறதே என்று முதல் பாலைப் பிழிந்து கொட்டாதீர்கள். அதுதான் சீம்பால், அதுதான் முதல் தடுப்பூசி, ஒரு சொட்டுகூட வீணாகக் கூடாது. இதை இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நம்மைப் பற்றி நமக்கு ஒரு நினைப்பு இருக்குமே, எனக்கு அந்த நினைப்பு அன்று மதியம் வரை இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து போனைத் திறந்தால் என் வீட்டுக்காரர் வரிசையாகப் படங்கள் அனுப்பியிருந்தார். எங்கள் மாடு விடிந்ததும் கன்று போட்டிருக்கிறது. கிடேரி, பெண் கன்று. நெற்றியில் வெள்ளை. முதல் படத்தில் கன்று சாக்கின் மேல் படுத்திருந்தது. அடுத்ததில் அவரே கன்றோடு சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படம் ஒரு வாளி. வாளியில் கெட்டியான மஞ்சள் பால். கீழே எழுதியிருந்தார்: "முதல் ஷாட் ஸ்கிராப். கொட்டியாச்சு. கலர் வந்ததும் கன்றுக்கு."

அவர் சிரித்ததற்கு நான் ஏன் அப்படி உட்கார்ந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

அவர் பிளாஸ்டிக் மோல்டிங் ஆபரேட்டர். வல்லம் வடகாலில் கார்களுக்குக் கதவின் உள்பக்கப் பலகை, டேஷ்போர்டு மூடி போன்றவை வார்க்கும் கம்பெனியில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. போன வருஷம் அவருடைய மிஷின்களுக்கு ரோபோ கை வந்தது. ஆபரேட்டர்களையெல்லாம் கூப்பிட்டு, கை கொடுத்து, கேக் வெட்டி அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் அவர் ஷிப்ட் நேரத்துக்கு எழுந்தார். குளித்தார். கம்பெனி டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்ட பிறகுதான் டீயைக் கையில் எடுப்பார். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். "ம்" என்பார். மாதக் கணக்கில் அந்த "ம்" தவிர அந்த மனிதரிடமிருந்து வேறு எதுவும் வரவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. டியூட்டியிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது கதவைத் திறப்பதற்கு முன்னால் ஒரு நொடி நிற்பேன். என்ன நினைத்து நின்றேன் என்பதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

மாடு வாங்கலாம் என்பது அவர் யோசனைதான். அவர் வீட்டில் மாடே இருந்ததில்லை. மாமனார் லாரி ஓட்டியவர். போனில் வீடியோக்கள் பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டார். உத்திரமேரூர் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து முதல் சினையாக இருந்த ஜெர்சிக் கலப்பு மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கொட்டகையை அவரே கட்டினார். மூத்திரம் தேங்காமல் ஓடச் சரிவு, தீவனத்துக்கு ஓர் இடம், கருவிகளுக்கு ஓர் இடம். நடக்கும் வழிக்குத் தரையில் மஞ்சள் கோடுகூடப் போட்டார். மாடு அந்தக் கோட்டின் மேலேயே தினமும் சாணி போட்டது. அதற்குக்கூட அவர் கோபப்படவில்லை, கழுவிவிட்டு மறுபடி பெயின்ட் அடித்தார். பேச ஆரம்பித்தார். மாட்டைப் பற்றி மட்டும்தான் பேசினார் என்றாலும் பேசினார்.

இப்போது அந்த மாடு கன்று போட்டிருக்கிறது. அவர் சீம்பாலைக் கொட்டியிருக்கிறார்.

ஏன் கொட்டினார் என்பது எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் இன்னும் வேதனை. மோல்டிங்கில் நின்றுபோன மிஷினை மறுபடி ஓட்டும்போது முதலில் வரும் உருப்படிகளை யாரும் எடுக்க மாட்டார்கள். உள்ளே தேங்கிக் கிடந்த பழைய பிளாஸ்டிக் வெளியே வரும், நிறம் சரியாக இருக்காது. அப்படி வரும் முதல் சில வார்ப்புகளை, அவர்கள் பாஷையில் ஷாட்டுகளை, ஸ்கிராப் பெட்டியில் போட்டுவிட்டு, நிறம் ஒழுங்கான பிறகு வருவதைத்தான் நல்ல உருப்படி என்று எடுத்து வைப்பார்கள். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் இதை எனக்கு அத்தனை ஆர்வமாக விளக்கியிருக்கிறார். அவர் வேலைக் காலம் முழுக்கக் கை அதைத்தான் செய்தது. மடியிலிருந்து மஞ்சளாக, முதல் ஈற்றில் சில மாடுகளுக்கு வருமே, லேசான ரத்தச் சாயலோடு வந்ததும் அந்தக் கை அதையே செய்துவிட்டது. வெல்லம் போட்டு அவித்த சீம்பாலைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் அவர் ஒரே மூச்சில் தின்பார். அது மடியிலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று பார்த்ததில்லை, கன்றுக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லிக் கொடுத்ததுமில்லை.

கூட வேலை செய்யும் செவிலியரிடம் மீதி டியூட்டியை ஒப்படைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். வழி நெடுகத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் நிற்க வேண்டியிருந்த இடங்களில் இன்னும் நன்றாகச் சேர்ந்தது.

"வந்துட்டியா? வா வா, வந்து பாரு," என்று கொட்டகையிலிருந்தே கூப்பிட்டார். "மூக்கத் தொடச்சி, தொப்புளுக்கு மருந்து வெச்சி, எல்லாம் கரெக்டா பண்ணிக்கீறேன். மாடு மொதல்ல கிட்ட சேத்துக்கல, ஒதைச்சுது. அதான் தனியா வெச்சேன். பாக்கெட் பாலு காய்ச்சி ஆத்திக் குட்த்தேன். கொஞ்சம் குட்ச்சிது."

"மாட்டுப் பாலு?"

"அது இன்னும் கலர் வர்ல. மாசக்கணக்கா நின்ன மிஷினுதான? சாய்ங்காலமும் கறந்து கொட்டிட்டா நாளைக்கி நல்ல பீஸ் வந்துடும்."

வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். சவரம் செய்து, தலை வாரி, கல்யாண வீட்டில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். என் வாய் மூடிக்கொண்டது. என் வாழ்க்கையில் அப்படி அது எத்தனை முறை மூடியிருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

வீட்டின் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே போய்க் கால்நடை மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன். வயதில் சின்னப் பெண். நாய்க்கடி விழிப்புணர்வு முகாம்களில் சேர்ந்து வேலை செய்த பழக்கத்தில் என்னை அக்கா என்பார். வார்டு பழக்கம், எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். நடந்ததைச் சொன்னேன். பிரசவ வார்டு அறிவை வைத்துக்கொண்டு, "ஒரு வேளை போனா என்ன டாக்டர், செங்கல்பட்டு ஆஸ்பத்திரில சிசேரியன் ஆன கேஸ்ல சில குழந்தைங்களுக்கு மறுநாள்கூடத்தான் குடுக்கிறாங்க" என்று எனக்கு நானே சமாதானம் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தேன்.

"அக்கா, மனுஷக் குழந்தை மாதிரி நெனைக்காதீங்க," என்றார் அவர். "நம்ம குழந்தைக்கு வயித்துல இருக்கும்போதே அம்மா ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புச் சக்தி நஞ்சுக்கொடி வழியா கொஞ்சம் போயிடும். பொறக்கும்போதே கையில ஏதோ வெச்சிட்டுத்தான் பொறக்குது. மாட்டுக்கு அந்த வழி இல்ல. நஞ்சுக்கொடியில அத்தனை அடுக்கு, அந்தப் பொருள் எதுவும் தாண்டாது. கன்னுக்குட்டி வெறுங்கையோட வருது. அதுக்குக் கிடைக்கிறது எல்லாமே சீம்பால்ல இருந்துதான்."

"அப்ப நாளைக்கு நிறைய குடுத்தா?"

"அதான் விஷயம். பொறந்த உடனே அதோட குடல் திறந்து இருக்கும். சீம்பால்ல இருக்கிற எதிர்ப்புப் பொருள் ஜீரணம் ஆகாம முழுசா ரத்தத்துக்குள்ள போகும். நேரம் ஆக ஆக மூடிட்டே வரும். ஒரு நாள் தாண்டிட்டா குடம் குடமா ஊத்தினாலும் அது வெறும் சாப்பாடுதான். திறந்திருக்கிற நேரத்துல நல்லது உள்ள போகலைன்னா கிருமி உள்ள போகும், அதுக்கும் அதே வழிதான். சொந்தமா எதிர்ப்புச் சக்தி உண்டாக்க அதுக்கு வாரக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் அம்மா குடுத்ததை வெச்சுத்தான் ஓட்டணும்."

இத்தனை வருஷம் சீம்பால், சீம்பால் என்று கத்திய எனக்கு இது தெரியாது. தெரியாததைக் கேட்டு வெட்கப்படக்கூட நேரமில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"மடியில இப்ப என்ன வருதோ அதைக் கறந்து உடனே குடுங்க. ஆனா மொத கறவையில இருந்த பலம் அதுல இருக்காது. தலைச்சன் ஈத்து வேற. பக்கத்துல வேற மாடு கன்னு போட்டிருக்கான்னு பாருங்க, நாலஞ்சு ஈத்து கண்ட மாடுன்னா நல்லது. இந்த ஊரு கிருமியெல்லாம் பாத்த மாடு, அதோட பால்ல அதுக்கான காவல் இருக்கும். பச்சைப் பாலா வேணும் அக்கா. காய்ச்சினது உதவாது, சூடு பட்டா அந்தப் பொருள் கெட்டுடும்."

"கெடைக்கலைன்னா?"

"ரெண்டு வாரம் தாண்டுறது கஷ்டம். வீட்டுக்காரர்கிட்ட வெளிப்படையா சொல்லிடுங்க."

"வேணாம் டாக்டர். கறந்து கொட்டினதுதான் காரணம்னு அவர்கிட்ட சொல்லவே வேணாம். நீங்க வந்து பாக்கும்போதும் சொல்லாதீங்க. கன்னு போனா போகட்டும், எனக்கு அவர் வேணும்."

போனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். முதல் ஈற்று மாட்டுக்குச் சீம்பால் போதாதாம், டாக்டர் இன்னும் கொஞ்சம் வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார் என்று மட்டும் சொன்னேன். இனி வருவதைக் கொட்டாமல் உடனே கன்றுக்குக் கொடுக்கச் சொன்னேன். "சரி," என்று வாளியை எடுத்தார். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காதது எனக்கு வசதியாக இருந்தது.

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு வீட்டில் முந்தின நாள் மாடு கன்று போட்டதாக எங்கள் தெருப் பால்காரர் சொன்னார். போனேன். பெரிய மாடு, அவர்கள் வீட்டுக் கன்று வயிறு முட்டக் குடித்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆனால் முதல் பாலை முந்தின நாளே தெருவுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். மாடு கன்று போட்டால் சீம்பாலை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே வழக்கம். வயல் இருந்த இடத்தில் கம்பெனி வந்துவிட்டது, அந்த வழக்கம் மட்டும் இன்னும் வீடு வீடாகப் போகிறது. நானும் அதன் பின்னாலேயே வீடு வீடாகப் போனேன்.

"நேத்து குடுத்த சீம்பாலு இருக்குதாம்மா?"

"இல்லாம? உள்ள வா நர்சம்மா, உக்காரு."

தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். வெல்லம், ஏலக்காய், சில வீட்டில் சுக்கு. பஞ்சு மாதிரி வெந்த சீம்பால். கன்றுக்குப் பச்சையாக வேண்டும் என்று சொன்னால், "அடடா, காலைலயே அவிச்சிட்டமே," என்று வருத்தப்பட்டு அதற்காக இன்னொரு துண்டு வைத்தார்கள். வேண்டாம் என்றால் மனம் நோகிறார்கள். அடுத்த வீடு, அடுத்த தட்டு. தொண்டை வரை இனிப்பு. என் வயிற்றுக்குள் போவதெல்லாம் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் எங்கள் கன்றின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டியது என்று நினைத்துக்கொண்டே விழுங்கினேன்.

தெருக்கோடியில் மேரி மாதா படம் வைத்த ஒரு வீடு. அந்த அம்மாவின் மகன் மறைமலை நகரில் கார் கம்பெனியில் வேலை. மதிய ஷிப்ட்.

"அவிக்கல நர்சம்மா," என்றார் அந்த அம்மா. "அவன் லீவுல சுடச்சுடத் துன்னணும்னு ஃபிரீசர்ல வெச்சிக்கீறேன். அவன் லைன்ல தெக்கத்திப் பசங்கோ இருக்கானுங்கோ, ரூம் எடுத்து தங்கிக்கினு. ஊருல துன்னது, ஆசையா கீதுன்னு கேட்டானுங்களாம். ஞாயித்துக்கெழம எல்லாரயும் இட்டுக்கினு வரேன்னு சொல்லிக்கிறான். அதுக்கோசரம் மாட்டுக்கார வூட்ல சொல்லி பெரிய பாட்டிலா வாங்கினேன்."

ஃபிரீசரைத் திறந்து காட்டினார். பெரிய கூல் டிரிங்ஸ் பாட்டில் நிறைய, மஞ்சளாக, கல்லாக உறைந்து இருந்தது. கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று நினைவில்லை. அடுத்தவர் பிள்ளைக்கு எடுத்து வைத்ததைக் கேட்கிறோம் என்ற கூச்சம் இருந்தது நினைவிருக்கிறது. மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்றேன்.

"அவன் போனு லாக்கர்ல கெடக்கும், லைனுக்குள்ள எடுத்துக்கினு போக வுட மாட்டாங்கோ. இன்னாத்த கேக்கறது?" என்று பாட்டிலை எடுத்து ஒரு துண்டில் சுற்றினார். "அதுக்கு இப்ப பசி. இவனுங்க ஞாயித்துக்கெழம பால்கோவா வாங்கித் துன்னட்டும். நான் சொல்லிக்கிறேன், நீ போ."

அந்த அம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் என்னைக் கொஞ்சம் விசித்திரமாகத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்யப்போன காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் அடுப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வைத்துப் பாட்டிலை உள்ளே இறக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"சூடு ஏத்தினா மெட்டீரியல் எரிஞ்சிடும். வுடு, நான் பாத்துக்கிறேன்."

டாக்டர் சொன்னதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. பிளாஸ்டிக்கை வைத்து அவராகவே நினைத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். பெரிய பாத்திரத்தில் கை பொறுக்கும் வெந்நீர் ஊற்றிப் பாட்டிலை நிறுத்தினார். தண்ணீர் ஆற ஆற எடுத்துக் கொட்டிவிட்டு வேறு ஊற்றினார். நான் பின்னால் நின்று, ஆகிவிட்டதா, ஆகிவிட்டதா என்று தவித்தேன். அவர் அவசரப்படவே இல்லை. முழங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பது, பாட்டிலை மெல்லத் திருப்புவது, மறுபடி முழங்கை. பால் உருகி, கன்றின் உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகுதான் ரப்பர் காம்பு மாட்டினார்.

கன்று முதலில் வாயே திறக்கவில்லை. அவர் விரலை வாய்க்குள் விட்டு, விரலைச் சப்ப வைத்து, விரலோடு காம்பையும் சேர்த்து நுழைத்தார். தொண்டை ஏறி இறங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி, வெளிச்சம் போவதற்குள் முக்கால்வாசி குடித்தது. பிறந்தது விடியலில், குடித்தது சாயங்காலத்தில். குடல் எவ்வளவு மூடியிருந்தது, எவ்வளவு திறந்திருந்தது என்று யாருக்குத் தெரியும்.

ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. மாடும் சேர்த்துக்கொண்டது, நக்கியது, மடி கொடுத்தது. இரண்டாவது வாரம் கழிச்சல் ஆரம்பித்தது. வெள்ளையாகத் தண்ணீர் தண்ணீராகப் போனது. கண் குழி விழுந்தது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. மருத்துவர் வந்தார், ஊசி போட்டார், நாளத்தில் சலைன் ஏற்றினார், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை விடாமல் கொடுக்கச் சொன்னார். அது என் வேலை. குழந்தைகளுக்குக் கலக்கிக் கலக்கிக் கை பழகியது. நான் கலக்குவேன், அவர் கன்றின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊற்றுவார்.

அந்த நாட்களில் நான் அவரிடம் நடந்துகொண்டதை நினைத்தால் எனக்கே என்னை அடையாளம் தெரியாது. காலையில் காபி போட்டுக் கையில் கொடுத்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாணியும் சேறுமான காலோடு அடுப்படிக்குள் வந்தார், ஒன்றும் சொல்லாமல் துடைத்தேன். வார்டில் வழக்கம் போலக் கத்திவிட்டு, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரலையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். அவர் மறுபடியும் "ம்" என்று பேச ஆரம்பித்திருந்தார். கன்றின் கவலை என்று நினைத்தேன். அவரைப் பார்க்கப் பார்க்க இன்னும் மெதுவாகப் பேசினேன். என்ன பாடு பட்டாவது இந்தக் கன்று பிழைக்க வேண்டும் என்று, சாமியிடம் அதிகம் பேசாத நான், செங்கல்பட்டுக்கு ஒரு கேஸை அனுப்பிவிட்டு ஆம்புலன்ஸ் போன வாசலிலேயே நின்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை கன்று தானாக எழுந்து நின்றது. நின்றது மட்டுமல்ல, மடியைப் போய் முட்டியது. மாடு நகர்ந்து வழி விட்டது. மருத்துவர் வந்து கண்ணை, வாயை, பின்பக்கத்தையெல்லாம் பார்த்துவிட்டு, "தாண்டிடுச்சு. கொஞ்சம் மெலிவா வளரும், ஆனா பொழைச்சிக்கும்," என்றார். நான் அவருக்குக் காபி கொடுத்து, பேசிச் சிரித்து, வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் குழாயடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவிய வாளி.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

"கேளுங்க."

"பொழைச்சிக்கும்னு டாக்டரம்மா சொன்னது நெஜமா? இல்ல, நீ சொல்லச் சொன்னியா?"

"நான் எதுக்குங்க சொல்லச் சொல்றேன்?"

"அன்னிக்கி சொன்னியே. அவர்கிட்ட சொல்ல வேணாம், நீங்களும் சொல்லாதீங்கன்னு." வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தவுடு எடுக்க அந்தப் பக்கம் வந்தேன். போனு ஸ்பீக்கர்ல இருந்துது. எல்லாம் கேட்டுது. நான் கொட்டினதாலதான்னு அன்னிக்கே தெரியும்."

நான் குழாயை மூடினேன். "தெரிஞ்சிக்கினுமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ எப்ப திட்டுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்." இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஒரு லைட்ட அணைக்காம வந்தா நீ என்னைப் பேசாத பேச்சு பேசுவ. இவ்ளோ பெரிய தப்பு பண்ணிக்கீறேன், நீ வாயே தொறக்கல. காபி குடுக்கற. துன்னீங்களான்னு கேக்கற. அப்பவே முடிவு பண்ணிட்டேன், அது பொழைக்காது, உனக்குத் தெரிஞ்சி போச்சு, அதான் என்னைப் பாத்துப் பாவப்படறேன்னு. தெனம் காலைல கொட்டாய்க்கு வரும்போது, செத்துத்தான் கெடக்கும்னு நெனைச்சிக்கினே வருவேன். அப்புறம் நாம இன்னா பண்றதுன்னும் நெனைச்சிக்கினு வருவேன்."

"நாம இன்னா பண்றது" என்று அவர் சொன்ன விதத்தில் அது நாம் இல்லை. அவர் ஒருவர்தான். நான் பக்கத்திலேயே காபியோடு நின்றுகொண்டிருந்தும் இத்தனை நாளும் அவர் அங்கே தனியாகத்தான் இருந்திருக்கிறார். அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான்தான் தினமும் காலையில் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன்.

திட்ட ஆரம்பித்தேன். தெரியாவிட்டால் யாரையாவது கேட்பதற்கென்ன, ஊரில் மாடு வைத்திருப்பவன் ஒருத்தனுமா இல்லை, பெண்டாட்டி நர்சாக இருக்கிறாளே, ஒரு போன் போட்டால் குறைந்தா போய்விடும், அது என்ன பிளாஸ்டிக்கா, உயிரில்லையா, வாளி நிறையக் கொட்டுவதற்கு எப்படித்தான் மனம் வந்தது, கேட்டதைக் கேட்டுவிட்டு வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு இருந்தீர்களே, நான் பயந்து பயந்து செத்தேனே, கதவைத் திறக்கும்போதெல்லாம் செத்தேனே. எங்கே ஆரம்பித்து எங்கே போனேன் என்று தெரியவில்லை. கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மாடியில் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த பையன்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். நடுவில் ஒருமுறை கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். கன்று குடித்துக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் திட்டு," என்றார்.